பதில் உங்களிடம், கேள்வி எங்களிடம்: போர்க் கடிதங்களைக் காப்போருக்கு ஒரு திறந்த மடல்

ராணுவ அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள், படைப்பிரிவு நினைவகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

என் அப்பா மறைந்த பிறகு அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். மேலே சீருடை, பதக்கங்கள், ஓய்வூதியப் புத்தகம். அடியில், பழைய துண்டில் சுற்றிய ஒரு கட்டு. 1971 அக்டோபரில் அவருடைய பட்டாலியன் மேற்கு எல்லைக்கு நகர்ந்ததிலிருந்து அடுத்த ஆண்டு விடுப்பில் வீடு வந்தது வரை அம்மா அவருக்கு எழுதிய இன்லேண்டு கடிதங்கள் அவை. மொத்தம் 31. அவற்றை அப்பா வைத்திருந்தது அம்மாவுக்கே தெரியாது. "படித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்" என்றார். அப்பா அனுப்பிய 26 கடிதங்களை அம்மா தன் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இரண்டு கட்டுகளையும் எடுத்துக்கொண்டு நாங்கள் ஒரு ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனோம். அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அப்பாவின் கடிதங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அம்மாவின் கடிதங்களில் நான்கைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இவை குடும்ப விஷயங்கள், போரைப் பற்றி இவற்றில் ஒன்றும் இல்லையே" என்று காரணம் சொன்னார்கள்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

இன்று அந்த அருங்காட்சியகத்தில் அப்பாவின் கடிதம் ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. தேதி 1971 நவம்பர் 29. பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கிப் போர் வெளிப்படையாக மூண்டது டிசம்பர் 3ஆம் தேதி மாலை. அதற்கு நான்கு நாள் முன்பு எழுதியது என்பதால் அந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வரி வருகிறது: "சரி, சைக்கிளை விற்றுவிடு. நான் வந்து வேறு வாங்கிக்கொள்கிறேன்." பார்வையாளர்கள் அதைப் படிக்கிறார்கள். சண்டைக்குப் போகப்போகிறவர் சைக்கிளைப் பற்றி எழுதியிருக்கிறாரே, திரும்பி வருவோம் என்று எவ்வளவு நம்பிக்கை என்று நெகிழ்கிறார்கள். நெகிழட்டும், தவறில்லை. ஆனால் அந்த வரி ஒரு பதில். அதற்கான கேள்வி எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மாவின் ஒன்பதாவது கடிதத்தில்.

"அன்புள்ள அத்தானுக்கு" என்று தொடங்கும் அந்தக் கடிதத்தில், மழையில் நின்று சைக்கிள் துருப்பிடிக்கிறது, கேட்பவர் ஒருவர் இருக்கிறார், கொடுத்துவிடட்டுமா என்று அம்மா கேட்கிறார். இரண்டு வரி தள்ளி, பாப்பாவுக்கு லேசான சளி, இப்போது தேவலை என்று எழுதியிருக்கிறார். அந்தப் பாப்பா நான்தான். எனக்கு வந்திருந்தது சளி அல்ல, டைபாய்டு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சைக்கிள் துருப்பிடிக்கவில்லை. மருந்துக்குப் பணம் வேண்டியிருந்தது. அப்பா விடுப்பில் வந்தபோதுதான் அம்மா உண்மையைச் சொன்னார். அதற்குள் காய்ச்சலில் கொட்டிய என் தலைமுடி மறுபடியும் வளர்ந்திருந்தது.

அப்பாவும் சளைத்தவரல்லர். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எழுதிய கடிதத்தில், இங்கே குளிர் ஒன்றுதான் தொந்தரவு என்கிறார். அதே வாரத்தில் அவர் கள மருத்துவமனையில் படுத்திருந்தது அவருடைய பணிப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரே போரில், ஒருவர் மனத்தை மற்றவர் காப்பதற்காக இருவரும் ஒரே மாதிரி மறைத்திருக்கிறார்கள். ஒரு கட்டை மட்டும் படிப்பவருக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை. போரைப் பற்றி ஒன்றும் இல்லை என்று நீங்கள் திருப்பிக் கொடுத்தவற்றில் இருந்தது இதுதான்.

அம்மா ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் ஓர் எண் போட்டிருக்கிறார். முகவரியில் ஊர் கிடையாது. அப்பாவின் எண், பெயர், படைப்பிரிவு, அதன் கீழே 56 ஏபிஓ என்ற ராணுவ அஞ்சலக எண். அவ்வளவுதான். அந்த இரண்டு இலக்கத்துக்குப் பின்னால் பாலைவனம் இருக்கிறதா, பனிமலை இருக்கிறதா என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. கடிதங்கள் வரிசை மாறிச் சேரும், சில சேராமலே போகும். அதனால்தான் எண். "14 வந்தது, 13 இன்னும் வரவில்லை" என்று அப்பா பதில் எழுதுகிறார். உடனே அம்மா 13இல் இருந்ததை நினைவிலிருந்து திரும்ப எழுதுகிறார். கடைசிக் கடிதத்தின் எண் 38. பெட்டியில் இருப்பவை 31. காணாமல் போன ஏழில் என்ன இருந்தது என்று கேட்டால், "எல்லாம் இதே மாதிரிதான்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

இப்படிக் காணாமல் போவது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. முதல் உலகப் போரின்போது லண்டனின் ரீஜண்ட்ஸ் பூங்காவில் மரத்தாலான ஒரு பெரிய கடிதக் கிடங்கைப் பிரிட்டிஷ் அஞ்சல் துறை கட்டியது. பிரிப்பு வேலை செய்த சுமார் 2,500 பேரில் பெரும்பாலோர் பெண்கள். உச்சத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள் அங்கிருந்து போயின. வீட்டில் எழுதிய கடிதம் பெரும்பாலும் இரண்டே நாளில் பிரான்சின் பதுங்குகுழியில் இருப்பவர் கைக்குச் சேர்ந்துவிடும். அத்தனை கோடிக் கடிதங்களும் இப்போது எங்கே? சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதியவை நிறையக் கிடைக்கின்றன. வீட்டிலிருந்து சிப்பாய்க்குப் போனவை மிகக் குறைவு. காரணம் அன்புக் குறைவல்ல. அவளுக்கு ஓர் அலமாரி இருந்தது, அவனுக்கு முதுகில் ஒரு மூட்டை இருந்தது. அந்த மூட்டையில் கடிதங்கள் மழையில் நனைந்தன, சேற்றில் ஊறின. எதிரி கையில் சிக்கினால் படைப்பிரிவின் விவரம் போய்விடும் என்பதால், தாக்குதலுக்கு முன் கடிதங்களை உடன் எடுத்துச் செல்லாதே என்று உத்தரவு வரும். அவன் மடித்து எரிப்பான், அல்லது பின்னால் விட்டுப் போவான்.

இதில் என்னால் தாங்க முடியாத ஒன்று இருக்கிறது. மனைவியர் எழுதியவற்றில் சில பத்திரமாகப் பிழைத்ததற்குக் காரணமே அவை உரியவருக்குச் சேராததுதான். அவன் இறந்த பிறகு போய்ச் சேர்ந்தவை, உறையின் மேல் அந்தச் செய்தி எழுதப்பட்டு, பிரிக்கப்படாமல் அவளிடமே திரும்பி வந்தன. பிரிட்டனில் அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி போகும். சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு ராணுவப் படிவம் பி 104-82 தபாலில் வரும். அச்சிட்ட வாசகம், நடுவே பெயரும் எண்ணும் தேதியும் மட்டும் பேனாவில். சில வீடுகளில் அந்தப் படிவத்துக்கு முன்பே அவள் எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டிருக்கிறது. இத்தகைய உறை உங்கள் சேகரிப்பில் இருந்தால், அதை அஞ்சல் முத்திரைக்காக மட்டும் பட்டியலிட்டு வைக்காதீர்கள் என்று வேண்டுகிறேன். உள்ளே ஒரு பெண் எழுதிய பக்கங்கள் இருக்கின்றன.

"இவற்றில் போர் இல்லை" என்கிறீர்கள். போரை நடத்திய அரசுகள் அப்படி நினைக்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனியில் மனைவியர் எழுதிய பசி, விலைவாசி, குழந்தைகளின் நோய் எல்லாம் முன்னணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதிகாரிகள் அவற்றுக்கு ஒரு பெயரே வைத்தார்கள்: புலம்பல் கடிதங்கள். அப்படி எழுதாதீர்கள், உங்கள் புலம்பல் படையின் மன உறுதியைக் குலைக்கிறது என்று பெண்களிடம் பிரசாரம் செய்தார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, அமெரிக்க உள்நாட்டுப் போரில், தென் மாநிலங்களின் பத்திரிகைகள் உற்சாகமாக எழுதுங்கள் என்று மனைவியருக்கு அறிவுரை சொல்லின. வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் சிப்பாய்கள் படையை விட்டு ஓடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஒரு படையைக் கலைக்கும் வலிமை உண்டென்று அரசே அஞ்சிய கடிதம், ஆவணக் காப்பகத்தின் வாசலுக்கு வரும்போது மட்டும் எப்படிக் குடும்ப விஷயமாகிவிடுகிறது?

அதே முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படையிலும் துணைப் பணிகளிலும் சேர்ந்தார்கள். பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் தபாலைப் படிக்கத் தனித் தணிக்கை அலுவலகமே இயங்கியது. போகும் கடிதமும் வரும் கடிதமும் அங்கே பிரிக்கப்பட்டன. உருது, இந்தி, பஞ்சாபி முதலிய மொழிகளில் இருந்த கடிதங்களிலிருந்து சில பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வாராந்தர அறிக்கைகளில் சேர்த்தார்கள். அந்த அறிக்கைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மூலக் கடிதங்கள் பெரும்பாலும் இல்லை. இருக்கும் பகுதிகளிலும் பெண்கள் குரல் அரிது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனைவி யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து, சொல்லக் கூசியதை விழுங்கிவிட்டு, சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லியிருப்பாள். அவர் அதைத் தன் நடையில் எழுதியிருப்பார். தணிக்கையாளர் அதில் இரண்டு வரியை எடுத்து வேறு மொழிக்கு மாற்றியிருப்பார். மூன்று சல்லடைக்குப் பிறகு மிஞ்சியதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதையாவது வைத்தார்களே என்று ஒரு தணிக்கை அலுவலகத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. தணிக்கைக்காரர் காத்த அளவுக்குக்கூடக் காப்பகங்கள் காக்கவில்லை என்று நாளை யாரும் எழுத நேரக்கூடாது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 1942 முதல் கடிதங்களைப் படச்சுருளில் சிறிதாக்கி அனுப்பும் வி-மெயில் முறையைக் கொண்டுவந்தது. 37 மூட்டைகளில் போக வேண்டிய தபால் ஒரே மூட்டையில் அடங்கியது. பெண்கள் கடிதத்தின் அடியில் உதட்டுச் சாயத்தோடு முத்தம் பதித்து அனுப்பியதில் அந்தச் சாயம் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்தது. அதிகாரிகள் அதற்குச் 'சிவப்புத் தொல்லை' என்று பெயரிட்டார்கள். எத்தனை கருத்தரங்குகளைவிடவும் இந்த ஒரு தகவல் எனக்கு அதிகம் சொல்கிறது. பக்கத்தைப் படம்தான் பிடிப்பார்கள், தாள் அவனுக்குப் போகாது என்று தெரிந்தும் அவள் முத்தத்தைப் பதித்திருக்கிறாள்.

1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு அமெரிக்காவின் 6888ஆவது அஞ்சல் பட்டாலியன் வந்து இறங்கியது. மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் 855 பேர். ஏறத்தாழ அனைவரும் கறுப்பினப் பெண்கள். குளிர்ந்த, இருண்ட கிடங்குகளில் சுமார் 1 கோடியே 70 லட்சம் தபால்கள் தேங்கிக் கிடந்தன. ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் ஆயிரக்கணக்கான வீரர்கள். செல்லப்பெயரை மட்டும் எழுதி 'அமெரிக்க ராணுவம்' என்று முகவரியிட்ட உறைகளும் உண்டு. வீட்டில் அழைக்கும் பெயரை எழுதினால் உலகமே அவனை அறிந்துகொள்ளும் என்று அந்தப் பெண்ணோ தாயோ நினைத்திருக்கிறாள். ஆறு மாதம் கொடுக்கப்பட்ட வேலையை அவர்கள் மூன்று மாதத்தில் முடித்தார்கள். கடிதம் இல்லாவிட்டால் மன உறுதி குறையும் என்பதே அவர்களுடைய முழக்கம். 2022இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்குத் தங்கப் பதக்கம் அறிவித்தது. சேர்த்தவர்களுக்குப் பதக்கம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. எழுதியவர்களின் தாள்களுக்கு ஓர் அலமாரிதான் நான் கேட்பது.

இது நடக்காத காரியமும் அல்ல. பிரான்சின் வின்சென் ராணுவ ஆவணக் காப்பகத்தில் பால் பிரோ, மரி பிரோ என்ற விவசாயத் தம்பதியின் முதல் உலகப் போர்க் கடிதங்கள் இருபுறமும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பால் வெர்தன் போர்முனையைப் பார்த்த அதே 1916இல் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. அந்தக் கட்டைப் படிக்கும் ஆய்வாளர் பீரங்கிப் படையின் வாழ்க்கையையும் பிரசவத்தையும் நிலத்தையும் ஒரே உரையாடலாகப் படிக்க முடிகிறது. இதற்கு மறுபுறம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் அதிகாரியாக இருந்த சல்லிவன் பல்லூ. 1861 ஜூலையில், சாவுக்கு இரண்டு வாரம் முன்பு, மனைவி சாராவுக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டு, மறுமணம் செய்யாமல், சாரா 1917 வரை வாழ்ந்தார். அவர் எழுதிய ஒரு வரியை யாராவது மனப்பாடமாகச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

நம் மொழி இந்தத் தவறைச் செய்யவில்லை. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவர் வரும்வரை காத்திருத்தல். பாசறையில் மனைவியை நினைத்துத் தேர்ப்பாகனை விரட்டும் தலைவனும், கார்காலம் வந்துவிட்டதே, அவர் வரவில்லையே என்று வாசலைப் பார்க்கும் தலைவியும் ஒரே திணையில்தான் இருக்கிறார்கள். பாசறையை ஓரிடத்திலும் வீட்டை வேறோரிடத்திலும் நம் புலவர்கள் பிரித்து வைக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பகுப்பு உங்கள் பட்டியல் முறையைவிடத் தெளிவாக இருந்தது.

ஆகவே நான் கேட்பவை இவை. வீரரின் குடும்பம் கடிதங்களைக் கொண்டுவந்தால், வீட்டிலிருந்து போனவை இருக்கின்றனவா என்று நீங்களாகவே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அவற்றைக் காட்டவே கூச்சப்படுவார்கள். வாங்கினால் இரண்டு பக்கத்தையும் தேதி வரிசையில் சேர்த்து வையுங்கள். பட்டியலில் 'வீரரின் மனைவி' என்று எழுதாமல் அவளுடைய பெயரை எழுதுங்கள். அப்பாவின் கடித உறைகளில் அம்மாவின் பெயர் தெளிவாக இருக்கிறது, உங்கள் விளக்க அட்டையில்தான் இல்லை. பிறர் கையால் எழுதப்பட்டிருந்தால் அந்த எழுதிக்கொடுத்தவர் யார் என்பதையும் விசாரித்துக் குறியுங்கள். பள்ளிக்கூடப் பையனாக இருக்கலாம், தபால்காரராக இருக்கலாம். பல மனைவியருக்கு அவர்களே பேனாவாக இருந்தார்கள்.

நேரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1962இல் எழுதியவர்கள் இப்போது எண்பதைக் கடந்தவர்கள். 1965, 1971 போர்களில் எழுதியவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் அவர்களுடைய விவரம் உண்டு. குடும்ப ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்கிறார்கள். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கும் அந்த நாளில், கடிதம் ஏதேனும் வைத்திருக்கிறீர்களா என்று இன்னொரு கேள்வியும் கேட்கச் செய்யுங்கள். இன்லேண்டு தாள் மடிப்பில்தான் முதலில் கிழிகிறது. வீட்டில் இருப்பவர்கள் நல்ல எண்ணத்தோடு ஒட்டுநாடா போடுகிறார்கள், அது மையைத் தின்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு உருக்கி ஒட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல ஒரு பக்கத் துண்டறிக்கை போதும். இன்றைய படைவீரர்களின் வீடுகளில் கடிதமே இல்லை, குரல் பதிவுகளும் குறுஞ்செய்திகளும்தான். கைப்பேசி மாறும்போது அவையும் போய்விடும். அதை எப்படிக் காப்பது என்று யோசிக்க வேண்டியவர்களும் நீங்கள்தான்.

ஒரு தடையை நானே ஒப்புக்கொள்கிறேன். இவை ஒருவருக்காக மட்டும் எழுதப்பட்டவை. இவற்றைத் திறக்கும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை, எழுதியவருக்குத்தான். அதனால் வாங்கும்போதே அவரிடம் கேட்டு, எதை இப்போது காட்டலாம், எதை எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பகங்களுக்கு இது பழகிய நடைமுறைதான்.

நான் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு எழுபத்தாறு வயது. ஒரு மாலை முழுவதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 31 கடிதங்களையும் வரிசையாகப் படித்தார். பிறகு 30 கடிதங்களை ஒரு பக்கமாகத் தள்ளி, கொடுக்கலாம் என்றார். 27ஆம் எண்ணிட்ட கடிதத்தை மட்டும் மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதை நாங்கள் யாரும் படித்ததில்லை. அதைப் பற்றிக் கேட்கவும் போவதில்லை.

மற்ற 30 கடிதங்களும் எடுத்து வைத்திருக்கிறோம். சைக்கிளைப் பற்றிக் கேட்டது மேலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
1971இல் போர்முனைக்குக் கடிதம் எழுதிய ஒருவரின் மகள்